நடுவை விட்டு விலகிய சிலுவை: இசன்ஹைம் பீடப்படம் பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

மத்தியாஸ் க்ரூனெவால்ட் என்ற ஓவியர் 1512 முதல் 1516 வரை ஒரு மடத்தின் பீடத்துக்காக வரைந்த இசன்ஹைம் பீடப்படத்தின் முன்னால் நிற்பவர்களில் பலர் ஒன்றைக் கவனிப்பதில்லை. அதன் சிலுவைப்பாட்டுக் காட்சியில் சிலுவை நடுவில் இல்லை. 269 சென்டிமீட்டர் உயரமும் 307 சென்டிமீட்டர் அகலமும் உள்ள பரப்பில் சிலுவையின் தண்டு நடுக்கோட்டிலிருந்து சற்றே வலப்புறம் தள்ளி நிற்கிறது. இதைக் கவனிக்காததற்குக் காரணம் உண்டு. இயேசுவின் உடலைப் பார்த்த கண்ணுக்கு அப்புறம் எதையும் அளந்துபார்க்கத் தோன்றாது. பச்சை பாய்ந்த தோல், நீலம் பூத்த உதடு, உடம்பெங்கும் ஒடிந்து தைத்து நிற்கும் முட்கள், ஒன்றின்மேல் ஒன்றாக ஒரே ஆணியில் நசுங்கிய பாதங்கள். உடலின் கனத்தில் குறுக்குமரம் வில்லாக வளைந்திருக்கிறது.

இதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பு, 1502–03 வாக்கில், இத்தாலியில் ரஃபேல் வரைந்த சிலுவைப்பாடு ஒன்று லண்டன் தேசிய ஓவியக் காட்சியகத்தில் இருக்கிறது. அதில் சிலுவை நட்டநடுவில் நிற்கிறது. இந்தப் பக்கம் ஒரு வானதூதர் கிண்ணம் ஏந்தினால் அந்தப் பக்கமும் ஒருவர் ஏந்துகிறார். மேலே ஒரு பக்கம் சூரியன், மறுபக்கம் நிலா. கீழே நால்வர், பக்கத்துக்கு இருவராக. இயேசுவின் முகத்தில் தூக்கம் போன்ற ஓர் அமைதி. பக்தி ஓவியத்தில் சமச்சீர் என்பது வெறும் அழகுக்காக அல்ல, உலகம் கடவுளின் கையில் ஒழுங்காக இருக்கிறது என்ற உறுதிமொழி அது. இசன்ஹைமில் அந்த உறுதிமொழியைத் தெரிந்தே முறித்திருக்கிறார்கள். ஏன் முறித்தார்கள் என்ற கேள்விக்கு விடை தேட, படத்துக்கு முன்னால் யார் படுத்திருந்தார்கள் என்று முதலில் பார்க்க வேண்டும்.

மடமும் நோயும்

இசன்ஹைம், இன்றைய பிரான்சின் அல்சாஸ் பகுதியில் கொல்மார் நகருக்குத் தெற்கே உள்ள சிற்றூர். அங்கே அந்தோனியார் சபைத் துறவிகளின் மடம் இருந்தது. இவர் பதுவை அந்தோனியார் அல்லர். தமிழ்க் கத்தோலிக்கர் வனத்து அந்தோனியார் என்று கும்பிடுகிற, ஜனவரி 17இல் திருநாள் கொண்டாடுகிற எகிப்து நாட்டுத் துறவி. 11ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரான்சின் தென்கிழக்கில் தோன்றிய இந்தச் சபையின் முதல் பணி, 'அந்தோனியார் நெருப்பு' பிடித்தவர்களைப் பராமரிப்பது.

அந்த நெருப்பு வந்தது ரொட்டியிலிருந்து. ரை தானியக் கதிரில் மணி இருக்க வேண்டிய இடத்தில் கறுத்த கொம்பாக எர்காட் என்ற பூஞ்சை முளைக்கும். நம் பக்கத்தில் கம்புக் கதிரில் வரும் தேன் ஒழுகல் நோய்க்குக் காரணம் இதன் பங்காளிப் பூஞ்சைதான். மழை அதிகமான ஆண்டுகளில் ஐரோப்பிய ஏழைகள் ரை மாவோடு இதையும் சேர்த்து அரைத்துத் தின்றார்கள். நஞ்சு உடலில் ஏறினால் இரத்தக் குழாய்கள் சுருங்கிவிடும். கையும் காலும் முதலில் தீயாய் எரியும், பிறகு மரத்துப்போகும், கறுத்து உலர்ந்து சில வேளை தானாகவே கழன்று விழும். இன்னொரு வகையில் வலிப்பும் பிரமையும் வரும்.

துறவிகளுக்கு மூலகாரணம் தெரியாது. தெரியாமலேயே சரியான ஒன்றைச் செய்தார்கள்: வந்தவர்களுக்கு நல்ல மாவில் சுட்ட ரொட்டி கொடுத்தார்கள். நஞ்சு உள்ளே போவது அதோடு நின்றது. புனிதரின் எலும்புகள்மீது ஊற்றி எடுத்த திராட்சை இரசத்தைக் குடிக்கக் கொடுத்தார்கள். பன்றிக் கொழுப்பும் மூலிகையும் சேர்த்துக் களிம்பு செய்து பூசினார்கள். அழுகிப்போன உறுப்பை இரம்பத்தால் அறுத்தார்கள். சபையின் பன்றிகள் கழுத்தில் மணி கட்டிக்கொண்டு தெருவில் திரியலாம் என்ற சலுகையும் இருந்தது. அந்தோனியார் சுரூபத்தின் காலடியில் ஒரு பன்றி நிற்பதைப் பார்த்துக் குழம்பியவர்களுக்கு இதுவே விளக்கம்.

இந்த மடத்தின் தலைவராக இருந்த கீதோ குயெர்சி, பீடத்துக்கான ஓவியங்களை மத்தியாஸ் க்ரூனெவால்ட் என்று இன்று அறியப்படும் ஓவியரிடம் ஒப்படைத்தார். வேலை 1512 முதல் 1516 வரை நடந்தது. மகதலா மரியாவின் தைலக் குப்பியில் 1515 என்ற ஆண்டு எழுதியிருக்கிறது. க்ரூனெவால்ட் என்பது 17ஆம் நூற்றாண்டில் ஓவியர் வரலாறு எழுதிய ஒருவர் தவறுதலாகச் சூட்டிய பெயர். காலத்து ஆவணங்களில் அவர் மாத்திஸ். மைன்ஸ் பேராயரிடம் அரசவை ஓவியராக இருந்தவர், நீர்ப்பொறி அமைக்கும் வேலையும் தெரிந்தவர். கீலும் பூட்டும் பழகிய ஒருவர் கையில் இந்தக் கதவுப் படம் சிக்கியது நல்லதாகப் போயிற்று.

கதவுப் படம் என்பதை விளக்க வேண்டும். ஜெர்மன் நாடுகளில் பீடப்படம் என்றால் பலகைக் கதவுகள் கொண்ட பெரிய பேழை. கதவு மூடியிருக்கும்போது ஒரு காட்சி, திறந்தால் இன்னொன்று. இசன்ஹைமில் இரண்டு அடுக்குக் கதவுகள், எனவே மூன்று நிலைகள். உள்ளே கடைசியில் இருப்பது ஓவியமே அல்ல. நிக்லாஸ் ஹாகெனவர் முன்பே செதுக்கிவைத்த மரச்சிற்பங்கள். நடுவில் அந்தோனியார் அரியணையில் அமர்ந்திருக்க, இருபுறமும் அகுஸ்தினாரும் எரோணிமூசும் நிற்கிறார்கள். மாத்திஸ் செய்ய வேண்டியிருந்தது இந்தச் சிற்பங்களுக்குக் கதவு போடுவது.

மூடிய நிலை

திருநாள் அல்லாத நாள்களில் பேழை மூடியே இருந்திருக்கும். நோயாளிகளின் அன்றாடப் படம் அப்படியானால் சிலுவைப்பாடுதான். இரு ஓரங்களிலும் நிற்பவர்கள் இருவர்: கொள்ளைநோய்க்கு வேண்டிக்கொள்ளும் செபஸ்தியார், நெருப்பு நோய்க்கு வேண்டிக்கொள்ளும் அந்தோனியார். பீடத்தின் அடிப்பலகையில் இயேசுவின் சடலத்தைக் கல்லறைக்கு ஒப்படைக்கும் துக்கக் காட்சி.

சின்னங்களை அகராதி வைத்துப் படிப்பது இங்கே எளிது. ஆட்டுக்குட்டி பலியைக் குறிக்கிறது, அதன் நெஞ்சிலிருந்து கிண்ணத்தில் விழும் இரத்தம் நற்கருணையைக் குறிக்கிறது, கறுத்த வானம் நற்செய்தி சொல்லும் நண்பகல் இருள். இதையெல்லாம் மறைக்கல்வி படித்த எந்தச் சிறுவனும் சொல்லிவிடுவான். இந்த அளவோடு நிறுத்திவிடும் கட்டுரைகளை நான் நிறையப் படித்திருக்கிறேன், அவற்றைப் படித்தபின் படம் முன்பைவிடச் சின்னதாகத் தெரிகிறது. சின்னங்கள் எல்லாருக்கும் பொதுச்சொத்து. எங்கே, எந்த அளவில், எதற்குப் பக்கத்தில் வைக்கிறார் என்பதில்தான் ஓவியரின் கை தெரிகிறது.

உதாரணத்துக்கு வலப்பக்கம் நிற்கும் திருமுழுக்கு யோவான். ஏரோது அவர் தலையை வெட்டியபோது சிலுவை நிகழ்ச்சி வருவதற்கு இன்னும் காலம் இருந்தது. செத்த மனிதர் சாட்சிக்கு வர முடியாது. ஆனால் இந்தப் படத்தில் கலங்காமல் நிற்பவர் அவர் ஒருவர்தான். இடக்கையில் திறந்த வேதநூல், வலக்கையின் நீண்ட சுட்டுவிரல் சிலுவையை நோக்கி. அந்தக் கைக்குப் பின்னால் இருட்டின்மேல் சிவப்பு எழுத்தில் இலத்தீன் வாசகம். நம் பழைய வேதாகமத்தில் அது 'அவர் பெருகவும் நான் சிறுகவும் வேண்டும்' என்று வருகிறது. அதைப் படித்துவிட்டு மறுபடி அளவுகளைப் பாருங்கள். இயேசு மற்ற எல்லாரையும்விடப் பெரியவர். யோவான் அவரைவிடச் சின்னவர். காலடியில் மண்டியிட்டிருக்கும் மகதலா மரியா எல்லாரிலும் சின்னவள், கிட்டத்தட்ட ஒரு சிறுமி. தூரத்தில் இருப்பதால் அல்ல, அவள்தான் சிலுவைக்கு மிக அருகில் இருக்கிறாள். தூரக்காட்சி விதிகளை மாத்திஸ் அறியாதவர் அல்லர். உள்ளே மங்கள வார்த்தைக் காட்சியில் தேவாலயத்தின் வளைவுகளை அவர் பின்னோக்கி வரைந்திருக்கும் விதமே அதற்குச் சான்று. அந்த விதியை இங்கே வேண்டுமென்றே மீறி, வாசகத்தை அளவாகவே வரைந்துவிட்டார். சுவிட்சர்லாந்து இறையியலாளர் கார்ல் பார்த் இந்தப் படத்தின் பிரதியைத் தன் எழுத்துமேசைக்கு மேல் மாட்டியிருந்தார். அவருக்கு அந்தச் சுட்டுவிரலே போதுமானதாக இருந்தது.

எனக்குப் போதாது. கைகளை எல்லாம் சேர்த்துப் பார்க்க வேண்டும். இயேசுவின் விரல்கள் ஆணியைச் சுற்றி மேல்நோக்கி விறைத்து விரிந்திருக்கின்றன. ஒன்றையும் பிடிக்க முடியாத விரல்கள். மகதலா மரியாவின் கைகள் விரலோடு விரல் கோத்து, முறுக்கி, பின்னோக்கி வளைந்திருக்கின்றன. தாய் மரியா வெள்ளாடையில் மயங்கிச் சரிகிறாள். அவள் கைகளும் கோத்திருக்கின்றன, ஆனால் அவற்றில் வலுவில்லை. சிவப்பு ஆடை அணிந்த நற்செய்தியாளர் யோவானின் கை அவள் முதுகைத் தாங்குகிறது. அப்புறம் திருமுழுக்கு யோவானின் சுட்டும் கை. விறைத்தது, முறுக்கியது, தளர்ந்தது, தாங்குவது, சுட்டுவது. கை எரிந்து மரத்துப்போய், எந்த நாள் இரம்பம் வருமோ என்று படுத்திருந்த ஒருவர் இந்தப் படத்தில் முதலில் எதைப் பார்த்திருப்பார் என்று யோசித்தால், முகங்களை அல்ல என்றே எனக்குத் தோன்றுகிறது.

பிளவு எங்கே விழுகிறது

இப்போது நடுக்கோட்டுக்கு வருவோம். இந்தப் பரப்பு ஒரே பலகை அல்ல, நடுவில் பிளந்து இருபுறமும் திறக்கும் இரண்டு கதவுகள். சிலுவையை நட்டநடுவில் வைத்திருந்தால் கதவு திறக்கும்போதெல்லாம் இயேசுவின் முகமும் மார்பும் இரண்டாகக் கிழியும். ஆகவே தச்சுக் காரணம் மட்டுமே சிலுவையைத் தள்ளிவைக்கப் போதும். இதைச் சொல்லாமல் நேரே குறியீட்டுக்குத் தாவுவது நேர்மையான ஆய்வாகாது.

ஆனால் தள்ளிவைத்ததன் விளைவு விசித்திரமானது. உடல் முழுதும் வலக்கதவில் தங்கிவிட, பிளவு இயேசுவின் வலக்கையின் வழியாகப் போகிறது. கதவைத் திறந்தால் அந்தக் கை உடலைவிட்டுப் பிரிந்து இடக்கதவோடு போய்விடும். அடிப்பலகையிலும் இதே கதை. சடலம் நீளவாக்கில் கிடக்கிறது, அந்தப் பலகையும் இரண்டாகப் பிரியும்போது கால்கள் உடலைவிட்டு விலகுகின்றன. கையும் காலும் இழந்தவர்களின் விடுதியில் கையும் காலும் இழக்கிற கடவுள்! கலை வரலாற்றாசிரியர் ஆந்த்ரே ஹேயம் 1989இல் வெளியிட்ட நூல் இந்தப் படத்தை மருத்துவமனைச் சூழலில் வைத்துப் படிப்பதை நிலைநிறுத்தியது. அதன்பின் இந்த உறுப்பு நீக்க விளக்கம் வழிகாட்டிகள்கூடச் சொல்லும் அளவுக்குப் பரவிவிட்டது.

ஓவியர் அதை நினைத்துத்தான் வரைந்தார் என்பதற்கு எழுத்துச் சான்று கிடையாது. கிடக்கிற உடலை அகலப் பலகையில் வரைந்தால் பிளவு எங்கேயாவது அதை வெட்டித்தான் தீரும் என்றும் வாதிடலாம். என் கணிப்பில் இந்த விளக்கம் நிற்கும், ஆனால் ஓவியரின் நோக்கம் என்ற காலில் அல்ல. பார்க்கிறவருடைய நிலைமை என்ற காலில் நிற்கும். முழங்காலுக்குக் கீழே ஒன்றும் இல்லாமல் பாயில் கிடப்பவர், கதவு திறக்கும் நொடியில் இயேசுவின் கால் விலகிப்போவதைக் கண்டால், அதற்கு யாரும் உரை எழுதித் தர வேண்டியதில்லை.

இதோடு சேர்த்துச் சொல்லப்படும் இன்னொரு கருத்தை ஏற்க எனக்குத் தயக்கம். இயேசுவுக்கே அந்தோனியார் நெருப்பு வந்ததாக வரைந்திருக்கிறார் என்கிறார்கள். தோலைக் கூர்ந்து பார்த்தால் தெரிவது சாட்டையடியும், அதில் ஒடிந்து தங்கிய முள்ளும் சிம்பும். எர்காட் நஞ்சில் கை, கால் நுனிகள் கறுத்து உலரும், இங்கே அப்படி இல்லை. சுவீடன் நாட்டுப் புனித பிரிஜித்தாவின் காட்சி நூல் 14ஆம் நூற்றாண்டு முதல் வடக்கு ஐரோப்பாவில் பரவலாக வாசிக்கப்பட்டது. அது வருணிக்கும் குரூரமான சிலுவை மரணத்துக்கும் இந்த உடலுக்கும் நெருக்கம் அதிகம். நெருப்பு நோய் உடலெடுத்து வரும் இடம் வேறு. அது மூன்றாம் நிலையில் இருக்கிறது.

மரத்தின் மறுபக்கம்

கதவின் மெக்கானிசத்தை மனத்தில் வைத்துக்கொண்டால் இன்னொன்றும் புலப்படும். இதைக் கையை விடவும் முக்கியமாக நினைக்கிறேன். சிலுவைப்பாட்டின் இடக்கதவைத் திறந்தால் அதன் பின்பக்கத்தில் கபிரியேல் தூதர் மரியாவுக்கு மங்கள வார்த்தை சொல்லும் காட்சி. வலக்கதவின் பின்பக்கத்தில் உயிர்ப்பு. சிலுவை வலப்புறம் தள்ளியிருப்பதால், செத்த உடல் ஏறக்குறைய முழுதாக எந்தப் பலகையில் இருக்கிறதோ, அதே பலகையின் மறுமுகத்தில் உயிர்த்த உடல் இருக்கிறது. சிலுவை நடுவில் இருந்திருந்தால் இது அமையாது, பாதி உடலுக்குப் பின்னால் கபிரியேல் வந்து நின்றிருப்பார்.

அந்த உயிர்ப்பின் உடலைப் பாருங்கள். தோல் சுத்தமாக இருக்கிறது. ஒரு முள் கிடையாது, ஒரு தழும்பு கிடையாது. ஆணிக்காயங்கள் மட்டும் செம்மணிகளைப்போல் ஒளிர்கின்றன. முகத்துக்கும் ஒளிவட்டத்துக்கும் இடையே எல்லைக்கோடே இல்லை, முகம் மஞ்சள் வெளிச்சத்தில் கரைந்துகொண்டிருக்கிறது. கல்லறையிலிருந்து எழும் துணி நீலவெள்ளையாகத் தொடங்கி மேலே போகப் போகச் சிவந்து மஞ்சளாகிறது. கீழே காவல் வீரர்கள் தலைகுப்புற விழுந்து கிடக்கிறார்கள். மூடிய படத்தில் மரத்தையே வளைத்த கனம் இங்கே துளியும் இல்லை. தோல்நோயாளிக்குச் சொர்க்கம் எப்படி இருக்கும் என்று கேட்டால் பொன்வீதியும் முத்துவாசலும் சொல்லியிருக்க மாட்டார், புண்ணில்லாத தோல் என்றுதான் சொல்லியிருப்பார்.

இரண்டாம் நிலையின் நடுவில் வானதூதர்களின் இசையும், குழந்தையோடு மரியாவும். இசைக்கும் தூதர்களில் ஒருவர் உடம்பெல்லாம் பச்சைச் சிறகு முளைத்தவர். அவர் கடவுளை எதிர்த்து வீழ்ந்த தூதன் லூசிபர் என்று ஒரு கட்சி, அல்ல என்று மறு கட்சி. அந்தச் சண்டையில் எனக்கு ஆர்வமில்லை. மரியாவின் பக்கத்தில் தரையில் இருக்கும் பொருள்கள் அதைவிடச் சுவையானவை: ஒரு தொட்டில், குளிப்பாட்டும் மரத்தொட்டி, ஒரு மூத்திரச் சட்டி. வானத்தில் கடவுள் ஒளியாய்ப் பொழிய, தரையில் சட்டி. நோயாளி தினமும் பயன்படுத்திய சாமான்கள்தான் இவை. குழந்தையைச் சுற்றிய துணி கந்தலாகக் கிழிந்திருக்கிறது. மூடிய நிலையில் இயேசுவின் இடுப்பில் இருந்த அதே கந்தல். பிறப்பையும் இறப்பையும் ஒரு துணியால் கட்டிப்போட்ட இந்த யோசனைக்கு அகராதிச் சின்னம் எதுவும் ஈடாகாது.

மூன்றாம் நிலையில் அந்தோனியார் சிற்பத்துக்கு இருபுறமும் அவர் வரலாற்றின் இரண்டு காட்சிகள். இடப்பக்கம் அவர் இன்னொரு பாலைவனத் துறவியான வனத்துச் சின்னப்பரைச் சந்திக்கிறார். தமிழ்நாட்டிலும் இருவருக்கும் கோயில் உண்டு, இருவரும் ஒரே படத்தில் பேசிக்கொண்டிருப்பதைக் காண நம்மவர்களுக்குத் தனி மகிழ்ச்சிதான். காகம் வழக்கமான ஒரு பங்குக்குப் பதில் இரண்டு பங்கு ரொட்டி கொண்டுவருகிறது. நல்ல ரொட்டியே வைத்தியமாக இருந்த விடுதியில் இந்த ரொட்டிக்கு என்ன மதிப்பு இருந்திருக்கும்! அவர்கள் காலடியில் தாவர நூலிலிருந்து எடுத்ததுபோல் தனித்தனியாக வரைந்த மூலிகைகள், வெர்பீனாவும் கசகசாச் செடியும் அவற்றில் உண்டு. துறவிகளின் மருந்துப் பட்டியல் என்றே இதைப் படிக்கிறார்கள்.

வலப்பக்கம் பேய்கள் அந்தோனியாரின் முடியைப் பிடித்து இழுத்து அடிக்கின்றன. இந்தக் காட்சியின் இடது கீழ்மூலையில் ஒருவன் சாய்ந்து கிடக்கிறான். ஊதிய வயிறு, உடம்பெல்லாம் கொப்புளம், கை மொட்டையாக உயர்ந்திருக்கிறது, பாதங்கள் தவளையினுடையவை. பேயா, நோயாளியா என்று பிரித்துச் சொல்ல முடியாது. நெருப்பு நோயின் உருவம் இது. வலது மூலையில் ஒரு காகிதத் துண்டு, அதில் அந்தோனியாரின் கேள்வி: நல்ல இயேசுவே, எங்கே இருந்தீர்? என் காயங்களை ஆற்ற ஏன் வரவில்லை? அத்தனாசியார் 4ஆம் நூற்றாண்டில் எழுதிய அந்தோனியார் வரலாற்றில் இந்தக் கேள்விக்குப் பதில் உண்டு: இங்கேதான் இருந்தேன், உன் போராட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். படத்தில் அந்தப் பதிலை எழுதவில்லை. மேலே தூரத்தில் ஒளிக்கு நடுவே கடவுள் சின்னதாக இருக்கிறார், கேள்வியோ நோயாளியின் கண்மட்டத்தில் இருக்கிறது. முறையீட்டைப் பீடத்திலேயே எழுதிவைக்க அனுமதித்த குயெர்சியைத்தான் நான் மெச்சுகிறேன். பல பங்குக் கோயில்களில் இன்று கேட்டாலும் அனுமதி கிடைக்காது.

இன்றைய நிலை

பிரெஞ்சுப் புரட்சியின்போது மடம் கலைக்கப்பட்டு, படம் பாதுகாப்புக்காகக் கொல்மாருக்கு வந்தது. 1853 முதல் அங்குள்ள ஊண்டர்லிண்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. முதல் உலகப் போரின்போது மியூனிக்குக்குக் கொண்டுபோனார்கள், 1919இல் திரும்பியது. 2011இல் தொடங்கிய ஒரு துப்புரவு வேலை எதிர்ப்பு கிளம்பியதால் பாதியில் நின்றது. பிறகு 2018இல் முறையாகத் தொடங்கி 2022இல் முடித்தார்கள். பழுத்துப்போன மெருகெண்ணெய்ப் படலம் நீங்கி நிறங்கள் துலங்கியிருக்கின்றன.

இப்போது கதவுகளைப் பிரித்து, அருங்காட்சியகமாக மாறிய கொல்மார் மடத்தின் பழைய கோயிலில் ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தியிருக்கிறார்கள். மூன்று நிலைகளையும் ஒரே நடையில் பார்த்துவிடலாம். பாதுகாப்புக்கும் கூட்டத்துக்கும் இது வசதி, படத்தின் வேலைக்கு இது பாதகம். திருநாள்வரை காத்திருக்க வேண்டியதில்லை, எதுவும் பிளந்து விலகுவதில்லை. எப்படித் திறக்கும் என்று காட்டச் சிறு மாதிரிகள் வைத்திருக்கிறார்கள். அவற்றைப் பொம்மை என்று தாண்டிப் போகாமல் முதலில் அங்கே நின்றுவிடுவது நல்லது. அப்புறம் சிலுவைப்பாட்டைப் பார்த்துவிட்டு அடுத்த பலகைக்குப் போகாமல் அதே பலகையைச் சுற்றி வாருங்கள். வலது ஓரமாகச் சுற்றினால் இயேசுவின் உடலுக்கு நேர் பின்னால் உயிர்ப்பின் முன் வந்து நிற்பீர்கள். இடையில் இருப்பது ஒரு லிண்டன் மரப்பலகையின் தடிப்பு மட்டுமே.